கோரைப்பாய் முதல் கலப்பு மெத்தை வரை

உறங்கும் இடத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. அணை, அமளி, சேக்கை, பாயல், பள்ளி என்பன இலக்கியத்தில் பயில்வன. பாய், படுக்கை, மெத்தை, கட்டில் என்பன வீட்டில் பயில்வன. இவற்றுள் பள்ளி என்னும் சொல் ஆசிரியராகிய நமக்குச் சற்று நகைப்பையும் தருவது. பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொண்ட பெருமாள் என்னும் தொடர்களில் அச்சொல் உறக்கத்தைச் சுட்டுகிறது. அதே சொல்லே கல்விக்கூடத்திற்கும் பெயராயிற்று. வகுப்பில் கண்ணயரும் மாணவன் சொல்லின் மற்றொரு பொருளை நமக்கு நினைவூட்டுகிறான் என்று கொண்டு அவனைப் பொறுத்தருளலாம்!

மெத்தை என்பது மென்மையிலிருந்து பிறந்த தமிழ்ச்சொல். ஆங்கிலத்தில் வழங்கும் 'மேட்ரஸ்' என்னும் சொல்லோடு ஒலியில் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றோ என்று மாணவர் வினவுவதுண்டு. அன்று, அச்சொல் ஒரு பொருள் எறியப்படும் இடத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து இத்தாலிய மொழி வழியாக ஆங்கிலம் சென்றது. ஆனால், கட்டிலின் கதை வேறு. மலாய் மொழியில் இன்றும் கட்டிலுக்குக் 'காத்தில்' என்பதே பெயர். அது தமிழ் தந்த சொல். ஆங்கிலத்தின் 'காட்' என்னும் சொல் இந்தியின் 'காட்' வழியே சென்றது என்பதும், அதன் வடமொழி மூலமே திராவிடக் கட்டிலிலிருந்து தோன்றியிருக்கலாம் என்பதும் சொல்லாராய்ச்சியாளர் சிலருடைய கருத்து. கடல் கடந்து வந்த தமிழன் இந்நாட்டு மொழிக்குக் கட்டிலை ஈந்தான். அவன் தனக்கென ஒரு கட்டிலைப் பெற எத்தனை தலைமுறைகள் ஆயின என்பது தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது.

இன்று ஜார்ஜ் டவுனிலும் பிறையிலும் உள்ள அறைகலன் கடைகளில் 'ஹைப்ரிட்' என்னும் பெயரோடு ஒருவகை மெத்தை விற்கப்படுகிறது. நாம் அதனைக் கலப்பு மெத்தை எனலாம். கீழே எஃகுக் கம்பிச்சுருள்களும் மேலே ரப்பர் நுரையோ செயற்கை நுரையோ கொண்ட அடுக்குகளும் சேர்ந்தது அது. அதன் உயர்ந்த வகையில் மேலடுக்காக அமைவது பால்மரத்தின் பால். அப்பாலை வெட்டியெடுத்தவர்கள் எதன்மேல் படுத்துறங்கினர்? மெத்தையைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுவதற்கு முன் இவ்வினாவுக்கு விடை காண்பது முறையாகும்.

பல பொருளை அடுக்கி ஒரு படுக்கை அமைக்கும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. அன்னத்தின் தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர் என ஐந்து பொருளால் ஆகிய படுக்கையைப் பழைய உரைகள் பேசுகின்றன. பட்டியல் நூலுக்கு நூல் சற்று வேறுபடும்; ஐந்து என்னும் எண் வேறுபடுவதில்லை. இதுவே பஞ்ச சயனம் எனப்பட்டது. பஞ்சால் ஆகிய பஞ்சணை வேறு, ஐந்தால் ஆகிய பஞ்ச சயனம் வேறு என்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்டுவது நன்று. தாங்குவதற்கு ஒரு பொருள், இளகிக் கொடுப்பதற்கு ஒரு பொருள், வெப்பத்தை மாற்றுவதற்கு ஒரு பொருள் என அடுக்கியவர்கள் கலப்பு மெத்தையின் தத்துவத்தை உணர்ந்தவர்களே ஆவர்.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலை விரிவாக வருணிக்கிறார். நாற்பது ஆண்டு நிரம்பிய, போரில் வீழ்ந்த யானையின் தந்தத்தால் அமைந்தது அது; முத்துத் தொங்கல்களை உடையது; அதன்மேல் அன்னத்தூவி பரப்பப்பட்டிருந்தது. இத்துணைச் சிறப்பு வாய்ந்த அமளியில் தேவி உறங்கினாளா என்றால், இல்லை. கணவன் பாசறையில் இருக்கிறான். அவள் கண்ணீர் விரலால் தெறிக்கப்படுகிறது. அங்கே பாசறையில் அரசனும் உறங்கவில்லை. நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காணச் செல்கிறான். மெத்தை உறக்கத்திற்குத் துணைதான், உறக்கமே அன்று என்பதை இதனினும் அழகாகச் சொல்லிவிட முடியாது. விற்பனை விளம்பரம் எழுதுவோர் ஒருமுறை நெடுநல்வாடையைப் படித்துப் பார்க்கலாம்.

இதற்கு நேர் எதிரான காட்சி புறநானூற்றில் உண்டு. மோசிகீரனார் என்னும் புலவர் நெடுவழி நடந்த களைப்பால், முரசு வைக்கும் கட்டில் இன்னதென்று அறியாது அதன்மீது படுத்துறங்கிவிட்டார். அது தண்டனைக்குரிய குற்றம். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ வாளை ஓங்காது, கவரி கொண்டு அவருக்கு வீசி நின்றான். அக்கட்டிலில் பரப்பியிருந்த மலர்களின் மென்மைக்குப் புலவர் காட்டும் உவமை நுரை! மென்மைக்கு நுரையை அளவுகோலாகக் கண்ட அந்தக் கண்ணை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் ஒரு நுரையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அரண்மனையை விட்டு வீட்டுக்கு வந்தால், தமிழனின் படுக்கை பாய்தான். கோரைப்பாய், ஈச்சம்பாய், தாழம்பாய், பிரப்பம்பாய் என அதில் வகைகள் பல. சித்த மருத்துவ நூல்கள் ஒவ்வொரு வகைக்கும் ஒரு குணம் கூறும். இவற்றுள் புகழ்பெற்றது பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, பருத்தி நூலைப் பாவாக இட்டு நெய்வது அது. பத்தமடையின் முஸ்லிம் நெசவாளர் குடும்பங்கள் இக்கலையைப் பேணி வந்தன. மிக நுண்ணிய பாயைப் பட்டைப் போல மடிக்கலாம் என்பர். புவிசார் குறியீடும் அதற்கு வழங்கப்பட்டிருக்கிறது. பாயின் சிறப்பு அதன் மென்மையில் இல்லை. வியர்வை தேங்காமையிலும், பகலில் சுருட்டி மூலையில் வைத்துவிட்டால் ஓர் அறையே கிடைத்துவிடுவதிலும் இருக்கிறது. எளிய வீட்டில் படுக்கையறை என்று ஒன்று தனியே இல்லாதிருந்தது பாயின் உதவியால்தான்.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அதனைத் தொடர்ந்து கெடாவில் முன்னரே வணிகம் செய்து வந்த தமிழ் முஸ்லிம்களாகிய சூலியாக்களும், சோழமண்டலக் கரையிலிருந்து நேரே வந்தோரும் இத்தீவில் குடியேறினர். சூலியா வீதி அவர்கள் பெயரைத் தாங்கியது. 1801ஆம் ஆண்டில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தோன்றியது. பருவக்காற்றை நம்பி வந்து, ஓரிரண்டு ஆண்டு உழைத்து, அதே காற்றின் மறுபருவத்தில் திரும்பிய அம்மக்களுக்குக் கட்டில் என்பது தேவைப்படாத சுமை. பாய் ஒன்றே கையோடு வந்தது. இங்கு வந்த பின்னர் மலாய்க்காரர் தாழை இனத்து மெங்குவாங் இலையால் முடையும் பாயும் அவர்களுக்குக் கிடைத்தது. தாழம்பாயை அறிந்தவர்க்கு அது அந்நியமாகத் தோன்றியிராது. செபராங் பிறையில் உள்ள மெங்குவாங் நீர்த்தேக்கத்தின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நீரைவிடப் பாயே முதலில் நினைவுக்கு வரும்.

நகரத்தின் இரவு, வகுப்புக்கு வகுப்பு வேறாக இருந்தது. செல்வம் படைத்த பாபா நியோன்யா குடும்பங்களில் பொன்முலாம் பூசிய, மேற்கட்டியும் திரையும் உடைய மணக்கட்டில்கள் இருந்தன. சர்ச் வீதியில் உள்ள பினாங்கு பெரானாக்கான் மாளிகையில் அத்தகைய கட்டிலை இன்றும் காணலாம். பினாங்கு வீதியிலும் அதனை அடுத்தும் இருந்த நகரத்தார் கிட்டங்கிகளில் நிலைமை வேறு. பகலில் பெட்டியடியில் அமர்ந்து கணக்கெழுதியவர்கள் இரவில் அதே இடத்தில் பாய் விரித்துப் படுத்தனர். செட்டிநாட்டில் பர்மாத் தேக்கால் வீடு எழுப்பியவர்கள், பொருள் ஈட்டிய ஊரில் தரையிலேயே துயின்றனர். கடைவாயில்களின் ஐந்தடி நடைபாதையில், 'ஜாகா' எனப்பட்ட வடஇந்தியக் காவலர் கயிற்றுக்கட்டிலை இட்டுப் படுத்திருப்பர். திருடன் அவரைத் தாண்டித்தான் கடைக்குள் புகவேண்டும். காவலும் உறக்கமும் ஒரே கட்டிலில் நடந்தன. கொஞ்சம் வசதி பெற்ற இல்லங்களில் இலவம்பஞ்சு மெத்தை வந்தது. மலாயில் 'கெக்காபு' எனப்படும் அப்பஞ்சு இலேசானது, குளிர்ச்சியுடையது. ஆயினும் நாளடைவில் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். வெயிலில் காயவைத்து, பிரித்துக் கொட்டி, மீண்டும் அடைத்துத் தைக்க வேண்டும். இலவு காத்த கிளிக்குக் கிடைக்காத பஞ்சு மனிதனுக்கு மட்டும் எளிதிலா பயன்பட்டுவிடும்?

இனித் தோட்டப்புறத்திற்கு வருவோம். வெல்லெஸ்லி மாநிலம் என்று அன்று அழைக்கப்பட்ட செபராங் பிறையில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பரவின. அவற்றில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். 1877ஆம் ஆண்டில் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. சிங்கப்பூர்ப் பூங்காவின் ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிபோங் திபால் பக்கத்துக் கலிடோனியா போன்ற பழைய கரும்புத் தோட்டங்களும் ரப்பருக்கு மாறின. ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டில் முடிவுற்றது. கங்காணி முறை 1938ஆம் ஆண்டு வரை நீடித்தது.

இவர்களுடைய முதல் படுக்கை கப்பல் தளம். நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் தளத்தில் பாயை விரித்துக் கிடந்து பினாங்கை அடைந்தனர். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டவரை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தளப் பயணிகள். ஒருவர் விரித்த பாயின் அகலமே கப்பலில் அவருக்குரிய நாடு. வந்திறங்கிய கூலிகளுக்கு அடுத்த படுக்கை, பினாங்கின் கிழக்குக் கரையை ஒட்டிய ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாம். அதன் பின்னரே தோட்டத்து லயன்.

லயன் வீட்டைப் பற்றி என் தலைமுறையினர்க்கு விளக்கத் தேவையில்லை. நம்மில் பலர் அங்கே பிறந்தவர்கள். மாணவர்க்காகச் சில சொற்கள்: நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பிரிக்கப்பட்ட அறைகள், முன்னே ஒரு திண்ணை, பின்னே அடுப்படி. கணவன், மனைவி, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த உறவினர் என அனைவரும் ஓர் அறையில் துயில வேண்டும். பலகைத் தளத்திலோ சிமெண்டுத் தரையிலோ பாயும், பாய் கிழிந்தால் கோணிச்சாக்கும் படுக்கையாயின. தலைக்குப் பழந்துணி மூட்டை. விடியுமுன் தப்படித்தால் பெரட்டுக்குச் செல்ல வேண்டும். பால் இறங்குவது வைகறையின் குளிர்ச்சியில். வெயில் ஏறினால் பால் உறைந்துவிடும். ஆதலின், பால்மரம் தொழிலாளியின் உறக்கத்திலிருந்தும் ஒரு பங்கைக் கேட்டது எனலாம். வெட்டுக்கத்தி, மங்கு, காண்டா வாளி என்று மதியம் வரை நின்ற உடல், இரவில் கட்டாந்தரையில் கிடந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கு அந்தத் தரையும் இல்லை. மழை ஒழுகும் கொட்டகையில் மூங்கில் பரணே படுக்கை. அதிலிருந்து எழாதவர் பல்லாயிரவர்.

'பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது' என்பது நம்மவர் பழமொழி. உழைத்துக் களைத்தவனுக்கு எங்கும் உறக்கம் வரும் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால், சுகத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் அதனைக் கொடாதிருக்கவும் இப்பழமொழி நன்கு பயன்பட்டது. களைப்பு வேறு, ஓய்வு வேறு. அயர்ந்து கிடப்பவனெல்லாம் நன்றாக உறங்குகிறான் என்று கொள்வது பொருந்தாது. முதுகுவலியைத் தோட்டத்து மக்கள் நோயாகவே எண்ணவில்லை. வயதின் அடையாளமாக எண்ணினர்.

ஒரு தொட்டில் செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆயாக் கொட்டகையில் குழந்தைகள் சேலைத் தூளியில் துயின்றன. இந்நாட்டில் தூளிக்கு மேல் ஓர் இரும்புச் சுருளை மாட்டி, குழந்தை மேலும் கீழும் மெல்ல ஆடுமாறு அமைக்கும் வழக்கம் மூவினத்தாரிடமும் பரவியது. கையால் ஆட்ட ஆள் இல்லாத வீட்டில் சுருளே ஆட்டும். மெத்தையில் சுருளைக் காணுமுன்னே மலேசியக் குழந்தை தூளியில் சுருளைக் கண்டுவிட்டது!

இப்போது மேனாட்டில் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் காண்போம். கம்பிச்சுருள் மெத்தை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது. தொடக்கத்தில் சுருள்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. ஒருவர் புரண்டால் மற்றவரும் ஆடவேண்டியதுதான். 1900ஆம் ஆண்டையொட்டிக் கனடாவில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பையில் இட்டுத் தைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். இன்றைய கலப்பு மெத்தையின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் அந்தப் பைச்சுருள்தான்.

மேற்பகுதியின் கதை நம்மோடு தொடர்புடையது. 1929ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டன்லப் நிறுவன ஆய்வுக்கூடத்தில் மர்ஃபி என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் ரப்பர்ப் பாலை முட்டை அடிப்பது போல அடித்து நுரைக்கச் செய்தனர். அந்நுரை அமிழ்வதற்குள் அதனை உறையவைத்து, அச்சில் இட்டு, நீராவியில் வேகவைத்தனர். சோடியம் சிலிக்கோ புளூரைடு என்னும் உப்பு நுரையை உரிய நேரத்தில் உறைவிக்கும். கந்தகம் ரப்பரை உறுதியாக்கும். ரப்பர் மெத்தையை வெட்டிப் பார்த்தால் வரிசை வரிசையாகத் துளைகள் தெரியும். காற்றுக்காக இட்ட துளைகள் என்று கடைக்காரர் கூறுவார். உண்மையில் அவை அச்சிலுள்ள ஊசிகள் உள்ளே வெப்பத்தைக் கொண்டு சென்ற தடங்கள். காற்றோட்டம் அதனால் கிடைத்த உபரி நன்மை. மரத்திலிருந்து இறங்கும் பாலில் 30 முதல் 40 விழுக்காடு வரையே ரப்பர் உண்டு. அதில் அம்மோனியா சேர்த்துக் கெடாமல் காத்து, சுழல்பொறியில் கடைந்து, 60 விழுக்காடாகச் செறிவாக்கிக் கப்பலேற்றினர். பெரட்டில் நின்றவன் வெட்டிய பால் சீமைக்குச் சென்று நுரையாயிற்று. சங்கப் புலவர் உவமையாகக் கண்ட நுரை, படுக்கப் பயன்படும் பொருளாயிற்று.

பள்ளி ஆசிரியனுக்குக் கணக்குப் போடும் வழக்கம் போகாது. இருவர் படுக்கும் 'குவீன்' அளவுக் கலப்பு மெத்தை இந்நாட்டில் 152 சென்டிமீட்டர் அகலமும் 190 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. அதன்மேல் 5 சென்டிமீட்டர் கனத்தில் ரப்பர் நுரை இருப்பதாகக் கொள்வோம். ஒரு கன மீட்டர் நுரைக்கு 80 கிலோ என்று வைத்தால், அவ்வடுக்கின் எடை ஏறத்தாழ 12 கிலோ. ஒருவர் ஒரு காலையில் 500 மரம் வெட்டி, மரத்திற்கு 30 கிராம் உலர் ரப்பர் கிடைக்குமாயின் 15 கிலோ. ஆக, மேலடுக்கு ஒரு தொழிலாளியின் ஒரு நாள் உழைப்புக்குச் சற்றுக் குறைவு. அன்றைய விதைமரங்கள் மிகக் குறைவாகவே பால் தந்தன. அக்காலக் கணக்கில் நாள்கள் கூடும். மர்ஃபி நுரை கண்ட அந்நாளில், முதல்தரப் பகுதிகளின் தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930ஆம் ஆண்டு வீழ்ச்சியில் அது 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டது. அக்கூலியில் ரப்பர் மெத்தை வாங்குவதைப் பற்றிப் பேசுவதே வீண்.

பின்னர் வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1937ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் பாலியூரித்தேன் வேதிமுறையைக் கண்டார். 1950களில் அதன் நுரை சந்தைக்கு வந்து, மலிவால் ரப்பர் நுரையைப் பின்னே தள்ளியது. 1966ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஆய்வு அமைப்புக்காக உருவான நுரையே பின்னாளில் 'மெமரி ஃபோம்' என்று பெயர் பெற்றது. இந்தியாவில் தென்னை நாரை ரப்பர்ப் பாலால் பிணைத்த மெத்தை பரவியது. அதுவும் ஒருவகைக் கலப்பே. ஒவ்வொன்றிலும் ஒரு குறை இருந்தது. சுருள் தாங்கும், ஆனால் உறுத்தும். மலிந்த நுரை இளகும், ஆனால் விரைவில் பள்ளம் விழும்; வெப்பத்தையும் பிடித்து வைக்கும். ரப்பர் நுரை நல்லது, ஆனால் கனமும் விலையும் மிகுதி. இக்குறைகளின் சந்திப்பிலேதான் கலப்பு மெத்தை பிறந்தது.

பினாங்கில் அதனைத் தெரிந்தெடுப்போர் முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது நம் காற்றின் ஈரம். சுருள்களுக்கிடையே காற்று உலவுவதால் கலப்பு மெத்தை இவ்வூர்க்கு ஏற்றது. மேலடுக்கு ரப்பராக இருப்பின் இன்னும் நன்று. முழுவதும் 'மெமரி ஃபோம்' ஆன மெத்தை குளிர்சாதனம் இல்லாத அறையில் புழுங்கும். எந்த மெத்தையையும் பாயைப் போலத் தரையில் இடலாகாது. அடியில் ஈரம் தேங்கிப் பூசணம் பிடிக்கும். இடைவெளி விட்ட சட்டங்களையுடைய கட்டில் வேண்டும். இன்னொன்று: இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் இட்டுப் பழகிய கைகள் ரப்பர் மெத்தையையும் வெயிலுக்குத் தூக்கிச் செல்லும். அது தவறு. வெயில் பட்ட ரப்பர் பிசுபிசுத்துக் கெடும் என்பதைப் பால்ஷீட்டைப் புகைக்கூண்டில் உலர்த்திய மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடையில் உட்கார்ந்து பார்ப்பது போதாது. காலணியைக் கழற்றிவிட்டு, வீட்டில் படுக்கும் அதே பக்கமாகப் பத்து நிமிடமேனும் படுத்துப் பார்க்க வேண்டும். நாணப்படத் தேவையில்லை, மோசிகீரனார் முரசுகட்டிலிலேயே படுத்தார். மல்லாந்து படுக்கையில் இடுப்பின் கீழ்க் கை எளிதாக நுழைந்து போகுமாயின் மெத்தை கடினம். நுழையவே முடியாமல் இடுப்பு அமிழ்ந்தால் அது மிக மென்மை. பக்கவாட்டில் படுப்போர்க்குத் தோள் சற்று அமிழ வேண்டும். முதுகுவலிக்குக் கட்டாந்தரையே மருந்து என்று நம்மவரில் பலர் இன்றும் நம்புகின்றனர். தரையைத் தவிர வேறொன்றும் கிடைக்காத தலைமுறைகள் தம்மைத் தேற்றிக்கொண்ட நம்பிக்கையோ அது என்று எனக்கு ஐயமுண்டு. ஸ்பெயின் நாட்டில் நாள்பட்ட இடுப்புவலியுடைய 313 பேரிடம் நடந்து, 2003ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, கடின மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே மிகுந்த பயன் தந்தது என்று கண்டது.

வயது முதிர்ந்தோர்க்காக வாங்கும்போது மெத்தையின் ஓரத்தில் அமர்ந்து எழுந்து பார்த்தல் வேண்டும். ஓரம் சரிந்தால் எழும்போது விழ நேரும். இயற்கை ரப்பர் என்று எழுதியிருப்பதெல்லாம் முழு ரப்பர் அன்று. செயற்கை ரப்பர் கலந்ததும் அப்பெயரால் விற்கப்படுவதுண்டு. எத்தனை விழுக்காடு என்று எழுத்தில் கேட்டுப் பெறுக. ஒரே அளவுள்ள துண்டுகளைக் கையிலெடுத்தால் ரப்பர் நுரை செயற்கை நுரையைவிடத் தெளிவாகக் கனக்கும். ரப்பர் ஒவ்வாமை உடையோர் வேறு மேலடுக்கைத் தேடுவதே தக்கது. சுருள்களின் எண்ணிக்கையைக் கடைக்காரர் பெருமையாகச் சொல்லுவார். ஆயிரம் என்ற எண்ணைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. கம்பியின் தடிப்பும் மேலடுக்கின் கனமும் அதனினும் முக்கியம்.

ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் லயன்கள் பலவும் மறைந்தன. ரப்பர் உற்பத்தியில் உலகின் முதலிடமும் நம் நாட்டை விட்டுச் சென்றுவிட்டது. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக மண்டலம் திறக்கப்பட்டபின் தோட்டத்துப் பெண்கள் பலர் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். இன்று அங்கே பணிபுரிவோரில் நேப்பாளம், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர் பலர். சிலர் பாய் கொண்டு வந்தவர் போலவே வருகின்றனர், பாய்க்குப் பதில் ஒரு பையோடு. தொழிலாளர் விடுதிகளில் ஒரே படுக்கையில் இருவர் மாறி மாறி உறங்கும் நிலை கொரோனா தொற்றுக் காலத்தில்தான் பலர் கண்ணில் பட்டது.

தொழிலாளர் வீட்டுவசதிக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் 2020ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள், தங்குமிடம் தரும் முதலாளி ஒவ்வொரு தொழிலாளிக்கும் 1.7 சதுர மீட்டருக்குக் குறையாத தனிக் கட்டில், 4 அங்குலத்திற்குக் குறையாத கனமுள்ள மெத்தை, தலையணை, போர்வை, பூட்டக்கூடிய பெட்டகம் ஆகியவற்றைத் தருதல் வேண்டும் என்கின்றன. வெல்லெஸ்லி மாநிலக் கரும்புக் காட்டில் முதல் ஒப்பந்தக் கூலி பாய் விரித்து ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழித்து, தொழிலாளியின் மெத்தைக்கு இந்நாட்டில் ஓர் அளவு எழுதப்பட்டது. கடையில் நாம் பார்க்கும் கலப்பு மெத்தையின் கனம் பெரும்பாலும் 10 முதல் 12 அங்குலம். விதி சொல்லும் 4 அங்குலத்தில் சுருளுக்கும் ரப்பருக்கும் இடம் அரிது. அந்தக் கனத்தில் கிடைப்பவை பெரும்பாலும் செயற்கை நுரை மெத்தைகளே.